கடலூர், புதுச்சேரியிலிருந்து பிராகா நானோ ஆய்வகத்துக்கு: என்ன காகிதம், எவ்வளவு காசு, எப்போது தொடங்குவது

போர்ச்சுகல் நாட்டின் வடக்கே பிராகா என்று ஒரு ஊர். பன்னாட்டு ஐபீரிய நானோதொழில்நுட்ப ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. சுருக்கமாக ஐ.என்.எல். போர்ச்சுகலும் ஸ்பெயினும் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து நடத்தும் இடம். காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ இயற்பியல், வேதியியல், நானோ அறிவியல் படித்துவிட்டு "அங்கே எப்படிப் போவது?" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. இந்த வரிசையில் நானும் நின்று அலைந்தவன் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிறேன்.

தேர்வாகிவிட்டால் மற்றது தானாக நடந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். அங்கிருந்து கடிதம் சட்டென்று வந்துவிடும். அதற்குப் பிறகு இழுப்பதெல்லாம் நம் ஊர்க் காகிதங்கள்தான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக மூன்றாவதும் நான்காவதும், தேர்வாகும் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்.

1. இங்கே அட்மிஷன் கிடையாது

ஐ.என்.எல். பல்கலைக்கழகம் இல்லை. பட்டம் தராது. நுழைவுத் தேர்வு, கவுன்சலிங், கட்டணம் எதுவும் கிடையாது. ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், அவர் கையில் ஒரு திட்டம், அதற்கென்று பணம். ஆள் தேவைப்பட்டால் ஆய்வகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அல்லது அறிவிப்பே இல்லாதபோது குழுத் தலைவருக்கு நேரடியாக எழுதுகிறீர்கள். வேறு வழி இல்லை. அன்றாட வேலை மொழி ஆங்கிலம், போர்ச்சுகீஸ் தெரியாமலே ஆய்வகத்துக்குள் சமாளிக்கலாம்.

"ஐ.என்.எல்.லில் சீட் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த வாசலை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பிக்க ஒரு பைசா செலவில்லை. நம் பக்கம் ஒரு முகவர் "ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜ்" என்று கேட்டதை என் காதாலேயே கேட்டேன்.

என்னென்ன வேலை நடக்கிறது என்று தெரிந்தால்தான் யாருக்கு எழுதுவது என்று புரியும். கிராபீன் டிரான்சிஸ்டரை வைத்து உயிர் மூலக்கூறுகளைப் பிடிக்கும் சென்சார்கள், காந்த சென்சார்கள், ஸ்பின்ட்ரானிக்ஸ் (எலக்ட்ரானின் தற்சுழற்சியைப் பயன்படுத்தும் மின்னணுவியல்), மெல்லிய படலச் சூரிய மின்கலங்கள், நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் வினையூக்கிகள், ரத்தத்தில் சுற்றும் புற்று செல்களைப் பிரித்தெடுக்கும் நுண்பாய்வுச் சிப்புகள், குடிநீரிலும் உணவிலும் நச்சையும் கலப்படத்தையும் கண்டுபிடிக்கும் முறைகள், இவையெல்லாம் அங்கே நடப்பவை. அணுவைத் தனித்தனியாகப் பார்க்கக்கூடிய, பிறழ்ச்சி திருத்திய எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் இருக்கின்றன. 200 மில்லிமீட்டர் வேஃபர் (சிப் செய்யும் வட்டத் தட்டு) வரை கையாளும், தூசு புகாத தூய்மை அறையும் உண்டு.

2. நீங்கள் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

எம்.எஸ்சி., எம்.டெக். படிப்பவர் என்றால் இன்டர்ன்ஷிப், இல்லையென்றால் இறுதி புராஜெக்ட். 90 நாளுக்குள் முடித்துக்கொண்டால் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா போதும். அதற்கு மேல் ஒரு நாள் கூடினாலும் போர்ச்சுகலின் தேசிய விசா, அது வேறு கதை. முதல் தடவை போகிறவர்கள் 90 நாளுக்குள் அடக்கிக்கொள்வது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை உண்டா, இல்லையா என்று வெட்கப்படாமல் முதல் கடிதப் போக்குவரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பிஎச்.டி. செய்யப் போகிறவர் வேலை செய்வது ஐ.என்.எல்.லில், பதிவு செய்வது ஒரு பல்கலைக்கழகத்தில். மின்யோ, போர்த்தோ, ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா போன்றவை. மின்யோ பல்கலைக்கழகத்தின் குவால்தார் வளாகம் ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக உங்களுக்கு இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டுக் காகிதம். பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் யூரோ வரும். அதைத் திட்டம் கட்டுமா, உங்கள் உதவித்தொகையிலிருந்து போகுமா என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனவர்கள் முதல் ஆண்டு முழுக்கக் கடன் கட்டுகிறார்கள்.

பிஎச்.டி. முடித்தவருக்கு இரண்டு வழி. ஒன்று நேரடி வேலை அறிவிப்பு. இன்னொன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ ஸ்க்வோதோவ்ஸ்கா கியூரி முதுமுனைவர் நல்கை. இந்தியக் குடியுரிமை தடையில்லை. பட்டம் வாங்கிய பிறகு ஆய்வு அனுபவம் 8 ஆண்டுக்கு மேல் போயிருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறைதான், செப்டம்பரில் முடியும். செப்டம்பருக்குக் கொடுக்க வேண்டுமானால் குழுத் தலைவரோடு பேச்சு ஏப்ரலிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆகஸ்டில் எழுதினால் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கும், பதில் வராது. இன்னொரு பொறி: விண்ணப்பத்துக்குக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மதிப்பெண் வந்தால் அதே நிறுவனத்தோடு அடுத்த ஆண்டு மறுபடி போட முடியாது. அரைகுறையாக எழுதி "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்ற வேலை இதில் வேண்டாம்.

3. பெயரைச் சரிசெய்யுங்கள்

நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான், விசா கூட இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் "செந்தில்குமரன் க." என்றிருக்கும். பட்டச் சான்றிதழில் "க. செந்தில்குமரன்". ஆதாரில் "செந்தில்குமரன் கலியபெருமாள்". பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் பெயர்ப் பகுதியில் போய் உட்கார்ந்து, குடும்பப் பெயர்ப் பகுதி காலியாக இருக்கும். ஆய்வுக் கட்டுரையில் வழிகாட்டியின் பழக்கப்படி இன்னொரு மாதிரி. ஐரோப்பியப் படிவம் ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர் கட்டாயக் கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. ஆளுக்கொரு மாதிரி நிரப்பினால் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார்: வங்கியில் அப்பா பெயரோடு, வரி அலுவலகத்தில் தன் பெயரோடு, விமானச் சீட்டில் தன் பெயரே இரண்டு முறையோடு.

செய்ய வேண்டியது இது. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால், இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயர்ப் பகுதியில் போட்டு எடுங்கள். பத்தாண்டுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் இன்னும் 2,000. ஏற்கெனவே காலியாக இருக்கிறது என்றால் மறுவெளியீட்டுக்குப் போட்டுச் சரிசெய்யலாம். இதையும் தேர்வாவதற்கு முன்பே செய்யுங்கள். விசா பாதியில் இருக்கும்போது பாஸ்போர்ட் எண் மாறினால் எல்லாக் கடிதமும் மறுபடி வாங்க வேண்டிவரும்.

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டல்தான் இனி எல்லா இடத்திலும். ஐ.என்.எல். விண்ணப்பம், பல்கலைக்கழகப் பதிவு, மின்னஞ்சல் கையெழுத்து, எல்லாம். பழைய சான்றிதழ்கள் வேறு மாதிரி இருப்பதற்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்பு ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளுக்கு ஓர்கிட் எண் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) இலவசம், ஐந்து நிமிட வேலை. மூன்று விதமாக அச்சான பெயரையும் அந்த ஓர் எண்ணின் கீழ் சேர்த்துவிடலாம்.

4. சான்றிதழ்கள்

முதலில், லேமினேஷன். பத்தாவது மார்க் ஷீட் வந்த அன்றைக்கே கடைக்கு ஓடி லேமினேட் செய்து பீரோவில் வைப்பது நம் வீடுகளில் ஒரு சடங்கு. அப்போஸ்டில் என்பது, நம் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்காக அசலின் பின்புறம் ஒட்டும் ஸ்டிக்கரும் முத்திரையும். லேமினேட் செய்த தாளில் அது ஒட்டாது, வாங்கவும் மாட்டார்கள். வீட்டிலேயே இஸ்திரிப் பெட்டி வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள், மையும் சேர்ந்து வந்துவிடும். பட்டச் சான்றிதழ் லேமினேட் ஆகியிருந்தால் பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழுக்குப் போடுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பெரும்பாலும் கேட்பதில்லை, நிம்மதி.

அடுத்து கன்வகேஷன். புரொவிஷனல் மட்டும் கையில் இருக்கும், பட்டமளிப்பு விழா எப்போது என்று துணைவேந்தருக்கே தெரியாது. விழாவுக்குக் காத்திருக்காமல் "இன் ஆப்சென்ஷியா" முறையில் பணம் கட்டிப் பட்டத்தை வாங்க வழி இருக்கிறதா என்று தேர்வுப் பிரிவில் கேளுங்கள். அதோடு எல்லாப் பருவ மதிப்பெண்ணும் சேர்ந்த டிரான்ஸ்கிரிப்டும் கேட்டு வாங்குங்கள். இது கல்லூரியில் கிடைக்காது, பல்கலைக்கழகத்தில்தான். கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் சில ஆண்டுகளுக்கு முன் படித்தவர்கள் பட்டத்தின் மேலே பாருங்கள், திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்றிருக்கும். நீங்கள் போக வேண்டியது வேலூர் பக்கம். அண்ணாமலை நகரில் போய் வரிசையில் நின்று பிரயோசனமில்லை.

இப்போது அப்போஸ்டில். இது வெளியுறவு அமைச்சகம் தருவது. ஆனால் அதற்கு முன், பட்டம் வழங்கப்பட்ட மாநிலத்தின் அரசு சான்றொப்பம் செய்திருக்க வேண்டும். வழங்கப்பட்ட மாநிலம் என்பதைக் கவனியுங்கள். வீடு கடலூரில், படிப்பு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் என்றால் சான்றொப்பம் புதுச்சேரி அரசிடம். வீடு புதுச்சேரி லாஸ்பேட்டையில், படிப்பு அண்ணாமலையில் என்றால் தமிழ்நாடு அரசிடம். இளங்கலை ஒரு பக்கம், முதுகலை இன்னொரு பக்கம் படித்தவர்கள் இரண்டு அரசிடமும் போக வேண்டும். நம் பகுதியில் இப்படித்தான் பாதிப் பேர். கன்னிகோயில் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு அரசு என்பது பஸ்ஸில் போகும்போது நினைவிருப்பதில்லை, இந்தக் காகிதத்துக்கு அலையும்போதுதான் உறைக்கும்.

அமைச்சகத்தின் கட்டணம் ஒரு சான்றிதழுக்கு 50 ரூபாய்தான். அமைச்சகம் நேரில் வாங்காது, அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் வழியாகக் கொடுக்க வேண்டும். அவர்கள் சேவைக் கட்டணம் தனி. தெரு முனை முகவர்கள் ஒரு சான்றிதழுக்குப் பல ஆயிரம் கேட்பார்கள். "அவசரம்" என்றால் இரட்டிப்பு. நேரமிருந்தால் நீங்களே செய்யலாம். நேரமில்லை என்றால் கொடுங்கள், ஆனால் அசலைக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள், முதல் பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அமைச்சகத் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். போலி ஸ்டிக்கரும் ஊரில் சுற்றுகிறது.

கல்யாணம் ஆனவர்கள், துணையைப் பின்னால் அழைத்துக்கொள்ள நினைத்தால், திருமணப் பதிவுச் சான்றிதழையும் இதே சூட்டோடு அப்போஸ்டில் செய்துவிடுங்கள். மண்டப ரசீதும் கோயில் சீட்டும் அங்கே செல்லாது. தமிழில் மட்டும் உள்ள சான்றிதழ் எதுவானாலும் மொழிபெயர்ப்பு வேண்டும்.

5. குழுத் தலைவருக்கு எழுதுவது

"ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் நாற்பதும் குப்பைக்கு. ஒருவருக்கு எழுதுங்கள். அவர் குழுவின் அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு எழுதுங்கள். கடிதம் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும்.

சாரம் இப்படி இருந்தால் நல்லது: "கடலூர் சிப்காட் பகுதி நிலத்தடி நீரில் கன உலோகங்களை மின்வேதியியல் முறையில் அளப்பது என் எம்.எஸ்சி. ஆய்வு. கார்பன் மின்முனையில் தங்க நானோ துகள் படியவைத்தேன். காரீயத்துக்கு நன்றாக வேலை செய்தது, நீரில் உப்பு கூடியபோது திணறியது. உங்கள் குழு இந்தத் திணறலைக் கையாண்ட விதத்தைப் படித்தேன். மே முதல் ஜூலை வரை உங்களோடு வேலை செய்ய இடம் இருக்குமா? என் பல்கலைக்கழகம் அனுமதிக் கடிதம் தரும்." அவ்வளவுதான். "சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்" என்பதை வெட்டி எறியுங்கள். எது வேலை செய்யவில்லை என்று எழுதுகிற வரிதான் பதிலை வரவழைக்கும்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் இல்லையென்றால் அடுத்த குழு. பரிந்துரை தருகிற பேராசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள், ஜிமெயிலில் வரும் பரிந்துரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்து போடுறேன்" என்று அவர் சொன்னால், செய்த வேலையை மட்டும் எழுதிக் கொடுங்கள், புகழ்ச்சியை அவருக்கே விட்டுவிடுங்கள்.

6. நேர்காணல்

காணொளியில் நடக்கும். போர்ச்சுகல் நேரம் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி பின்னால், கோடையில் நாலரை மணி. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரங்களில் நேர்காணல் விழுந்தால் இரண்டு முறை சரிபாருங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்துப் போனில் ஹாட்ஸ்பாட் தயாராக வையுங்கள்.

நம் பிள்ளைகள் அடிபடும் இடம் ஒன்றுதான். பல கல்லூரிகளில் நாம் துகளைத் தயாரிப்போம். எஸ்.இ.எம்., டி.இ.எம். என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கிகளுக்கும், படிக அமைப்பை எக்ஸ் கதிரால் பார்க்கும் எக்ஸ்.ஆர்.டி.க்கும் மாதிரி வெளியே கூரியரில் போகும், படமும் கோப்பும் திரும்பி வரும். அதைச் சுயவிவரத்தில் "எஸ்.இ.எம்.மில் அனுபவம்" என்று எழுதிவிடுகிறோம். கேள்வி வரும்: எத்தனை கிலோவோல்ட்டில் எடுத்தீர்கள்? மின்கடத்தாப் பொருள் என்றால் மேலே என்ன பூசினீர்கள்? டி.இ.எம். கிரிட்டில் சொட்டு வைத்தபோது துகள்கள் திரண்டது கரைசலிலா, காயும்போதா? பதில் இல்லையென்றால் அங்கேயே முடிந்தது.

ஷெரர் சமன்பாட்டையும் கட்டாயம் கேட்பார்கள். எக்ஸ்.ஆர்.டி. உச்சியின் அகலத்திலிருந்து 18 நானோமீட்டர் என்று கணக்கு போட்டு, அதைத் துகளின் அளவு என்று ஆய்வேட்டில் எழுதியிருப்போம். அது படிகக் கூறின் அளவு. ஒரு துகளுக்குள் பல படிகக் கூறுகள் இருக்கலாம். கருவியே சேர்க்கும் அகலத்தைக் கழித்தீர்களா என்பது அடுத்த கேள்வி. இதற்கு நேர்மையாக "கழிக்கவில்லை, கழித்தால் அளவு இன்னும் கூடும்" என்று சொல்லத் தெரிந்தால் உங்கள் மேல் மதிப்பு ஏறும்.

எனவே சுயவிவரத்தில் கருவிகளை இரண்டாகப் பிரியுங்கள்: நானே இயக்கியவை, மாதிரி அனுப்பி முடிவை ஆராய்ந்தவை. முதல் பட்டியல் ஒல்லியாக இருக்கிறதே என்று கவலையா? காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தின் மையக் கருவியியல் கூடத்தில் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கும்போது, அளக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., மும்பை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் மத்திய மின்னணு அமைச்சகத்தின் நிதியில் நடக்கும் நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம் வெளிக் கல்லூரி ஆட்களுக்குத் தூய்மை அறையில் கைப்பயிற்சி தருகிறது. அந்த ஒரு வரி சுயவிவரத்தில் இருந்தால் பிராகாவில் அதன் எடை தெரியும்.

7. விசா

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறதே, ஷெங்கன் எல்லாம் ஒன்றுதானே, அங்கேயே கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. தங்கப் போகும் நாடு போர்ச்சுகல் என்றால் விண்ணப்பம் போர்ச்சுகலுக்குத்தான். வி.எஃப்.எஸ். மையம் வழியாகக் கொடுக்க வேண்டும், நமக்குப் பக்கம் சென்னை. கைரேகை வைக்க நேரில் போக வேண்டும். மையம் வாங்கி அனுப்புகிற இடம் மட்டுமே, முடிவு போர்ச்சுகல் தூதரகத்தினுடையது. கவுன்டரில் இருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை.

நீங்களே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக்காரர் என்றால் இந்தப் பகுதியையே தாண்டிப் போங்கள். உங்களுக்கு விசா வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் பிராகா நகராட்சியில் பதிவு செய்தால் சரி.

குறுகிய காலம், அதாவது 90 நாள் வரை: கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருக்கக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. ஆய்வகத்தின் அழைப்புக் கடிதத்தில் தேதிகளும் செலவு யார் பொறுப்பு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கோடை விடுமுறைக் கூட்டத்தில் அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்காது, ஏப்ரல், மே பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே தேதி பிடியுங்கள்.

நீண்ட காலம்: தேசிய விசா. படிப்பு, ஆராய்ச்சி, உயர்திறன் வேலை என்று உள்ளே பல வகை. ஐ.என்.எல். பன்னாட்டு அமைப்பு என்பதால் உங்கள் ஒப்பந்தத்துக்கு எது பொருந்தும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவர்கள் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, அந்த வகையின் பெயரையே படிவத்தில் போடுங்கள். வழக்கமாகக் கேட்பவை: ஒப்பந்தம் அல்லது வரவேற்பு உடன்படிக்கை, பட்டம் அப்போஸ்டிலோடு, தங்குமிடச் சான்று, பணம் இருப்பதற்கான சான்று, பயணக் காப்பீடு, போர்ச்சுகலில் உங்கள் குற்றப் பதிவைப் பார்க்க அனுமதிக்கும் படிவம், அப்புறம் இந்தியப் பி.சி.சி., அதாவது குற்ற வழக்கு இல்லை என்ற காவல்துறைச் சான்று.

இந்தப் பி.சி.சி. பாஸ்போர்ட் சேவைத் தளத்தில் விண்ணப்பிப்பது, 500 ரூபாய். காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்கு விசாரிக்க வருவார்கள் அல்லது கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் கடலூர் முகவரி, ஆள் குடியிருப்பது புதுச்சேரியில் என்றால் அங்கேதான் இழுக்கும். விண்ணப்பிக்கும் முன் எந்த முகவரியில் ஆள் கிடைப்பாரோ அதைக் கொடுங்கள். பி.சி.சி.க்கும் அப்போஸ்டில் வேண்டும். இது மட்டும் சீக்கிரமாக எடுக்கக் கூடாத காகிதம். பழையதாகிவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு தொடங்கினால் போதும்.

முடிவுக்கு 30 முதல் 60 நாள் என்பது சட்டக் கணக்கு. நீங்கள் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டு சேரும் தேதியைக் கேளுங்கள். தேதி தள்ளிப்போனால் ஆய்வகத்துக்கு உடனே சொல்லுங்கள், அவர்களுக்கு இது பழகிய விஷயம். கிடைக்கும் விசா நான்கு மாதம் செல்லும், அதற்குள் அங்கே போய்க் குடியிருப்பு அட்டைக்கு மாற வேண்டும். விசா கைக்கு வரும் முன் திருப்பித் தராத டிக்கெட் எடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவுத் தாள் போதும்.

8. பணம்

சான்றிதழ், விசா செலவையெல்லாம் மேலேயே சொல்லிவிட்டேன், அவை சில்லறை. பெரியது இறங்கிய பிறகு வருவது. முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான், சில சமயம் வங்கிக் கணக்கு தாமதமானால் அதற்கு அடுத்த மாதம். அதற்குள் அறைக்கு முன்பணம் ஒன்றிரண்டு மாத வாடகை, அந்த மாத வாடகை, சாப்பாடு, பஸ், போர்வை, பாத்திரம். 1,500 யூரோ கையிலோ அட்டையிலோ இல்லாமல் கிளம்பாதீர்கள். கடன் வாங்கினாலும் இந்தத் தொகையையும் சேர்த்தே வாங்குங்கள். சம்பளம் என்று கடிதத்தில் இருக்கும் தொகை பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்பதையும் கேட்டு வையுங்கள்.

9. அறை

செப்டம்பரில் மின்யோ பல்கலைக்கழக மாணவர்கள் மொத்தமாக வந்து இறங்குவார்கள். அந்த மாதம் பிராகாவில் அறை தேடுவது ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் லாட்ஜ் தேடுவது போல. முடிந்தால் ஜனவரி, பிப்ரவரியில் சேரக் கேளுங்கள். தேட வேண்டிய பகுதி குவால்தார், ஆய்வகத்துக்கு நடந்தே போகலாம். ரயில் நிலையம் ஊரின் மேற்கே, ஆய்வகம் கிழக்கே, அதனால் "ஸ்டேஷனுக்குப் பக்கம்" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம்.

"நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்" என்று சொல்பவர் எல்லோரும் மோசடிக்காரர்கள்தான், விதிவிலக்கே இல்லை. முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு விடுதியோ ஆய்வகம் சொல்லும் இடமோ பிடித்து, நேரில் பார்த்து மாறுங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் தருவாரா என்பதை வாடகையைக் கேட்பதற்கு முன்பே கேளுங்கள். அது இல்லாமல் முகவரிச் சான்று இல்லை, முகவரிச் சான்று இல்லாமல் அடுத்த வேலை எதுவும் நகராது. சூடேற்றி இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர் நம்மூர் ஆட்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆனால் மழை ஈரம் சுவரில் ஏறும், துணி காயாது.

10. இறங்கிய பிறகு

பிராகாவுக்குப் பக்கத்து விமான நிலையம் போர்த்தோ. சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானம் இல்லை. வழியில் ஜெர்மனியிலோ பிரான்சிலோ மாறினால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். ஒப்பந்தம், அழைப்புக் கடிதம், தங்குமிடச் சான்று எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள். அப்போஸ்டில் செய்த அசல்களும் கைப்பையில்தான். போர்த்தோ விமான நிலையத்திலிருந்து பிராகாவுக்கு நேரடிப் பஸ் உண்டு, சுமார் ஒரு மணி நேரம். மெட்ரோவில் கம்பன்யா போய் ரயில் பிடிப்பது மலிவு, பெட்டி கனமாக இருந்தால் வேண்டாம்.

முதல் வாரம் வரி எண். நிஃப் என்பார்கள். பினான்சாஸ் என்ற வரி அலுவலகத்தில் பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் காட்டி வாங்குவது. போன் சிம் முதல் வாடகை ஒப்பந்தம் வரை எல்லோரும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். இணையத்தில் நூறு யூரோ கேட்டு வாங்கித் தருபவர்கள் தேவையில்லை. அதற்குப் பிறகு வங்கிக் கணக்கு, சமூகப் பாதுகாப்பு எண், சுகாதார மையத்தில் பயனர் எண். குடியிருப்பு அட்டைக்கு ஐமா என்ற அலுவலகம், 2023 அக்டோபர் இறுதியில் பழைய செஃப் அலுவலகத்துக்குப் பதிலாக வந்தது. பழைய வழிகாட்டிகளில் செஃப் என்று படித்தால் ஐமா என்று மாற்றிப் படியுங்கள். கூட்டம் அதிகம், நேரம் கிடைப்பது கஷ்டம், விசாவோடு தேதி கொடுத்திருந்தால் எந்தக் காரணத்துக்கும் அதைத் தவறவிடாதீர்கள்.

ஆய்வகத்தில் பாதுகாப்புப் பயிற்சி முடியும் வரை கருவி எதையும் தொட விடமாட்டார்கள். தூய்மை அறைக்குத் தனிப் பயிற்சி, அதற்குள் ஒவ்வொரு கருவிக்கும் தனி அனுமதி. நூறாம் வகுப்புப் பகுதி என்றால், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அல்லது அதற்கு மேலான துகள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே போகும் அன்று விபூதி, குங்குமம், பவுடர், கண்மை, தலையில் பூ எதுவும் கூடாது. பென்சிலும் சாதாரணத் தாளும் கூடாது. உள்ளே பயன்படுத்தத் தூசு உதிராத தாளும் பேனாவும் கொடுப்பார்கள். கருவி நேரம் முன்பதிவில்தான், கூட்டமுள்ள நுண்ணோக்கிக்கு நாட்கணக்கில் காத்திருக்க நேரும். 90 நாள் இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறவர்கள் பயிற்சித் தேதிகளை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே குழுவிடம் சொல்லிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் மாதம் அதிலேயே போய்விடும்.